கச்சான் காற்றும் நம் கண்களும்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மலைநாட்டுத் தோட்டங்களில் நம் தோழர்களை நனைக்கும் அதே பருவக்காற்றுதான், மழையை அங்கே கொட்டிவிட்டு, மலை தாண்டி வரண்டு சூடாகி நம்மிடம் வருகிறது. வாவியோரத்துத் தென்னந்தோட்டத்திலும் கஜுத் தோட்டத்திலும் வேலை செய்யும் நமக்கு அதனோடு மணலும் சேர்ந்து கண்ணில் அடிக்கிறது. தும்புத் தூசியும் கஜு வறுக்கும் புகையும் வேறு.

பின்னேரமானால் கண் சிவந்து, மண் விழுந்தமாதிரி உறுத்தி, தண்ணீராக ஓடுகிறது. "தண்ணி ஓடுற கண்ண வரண்ட கண் எண்டு சொல்லலாமா?" என்று ஒரு அக்கா கேட்டார். சொல்லலாம். கண்ணின்மேல் கண்ணீர் மெல்லிய படலமாக நிற்கவேண்டும். காற்று அதை உலர்த்தினால் கண் எரியும். எரிச்சலால் பெருகும் கண்ணீர் கன்னத்தில் வழியுமே தவிர கண்ணில் தங்காது.

இதற்கு உதவுவது ஈரமாக்கும் துளிமருந்து. செயற்கைக் கண்ணீர் என்றும் சொல்வார்கள். விடும்போது கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவோம். மேலே பார்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, ஒரு துளி விட்டு, கண்ணை ஒரு நிமிடம் மூடியிருப்போம். போத்தலின் நுனி கண்ணிலோ விரலிலோ படக்கூடாது. உடைத்த தேதியைப் போத்தலில் எழுதி, ஒரு மாதத்தில் வீசிவிடுவோம். மருந்துத்தாளில் வேறு கணக்கு இருந்தால் அதன்படி நடப்போம். ஒரு வீட்டுக்கு ஒரு போத்தல் என்று வைக்காமல் ஆளுக்கு ஒன்று வைப்போம்.

2023இல் நுவரெலியாவில் நடந்ததை மறக்கவேண்டாம். கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் பிரெட்னிசோலோன் துளிமருந்து விடப்பட்டவர்களுக்குக் கண்ணில் தொற்று ஏற்பட்டது. பார்வை பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. அந்த மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. அது வேறு வகை மருந்து, ஸ்டீரொயிட். ஆனால் கண்ணில் விடும் துளி சுத்தமாக இருக்கவேண்டும் என்பது எல்லா மருந்துக்கும் பொருந்தும்.

அதனால்தான் சொல்கிறோம்: பக்கத்து வீட்டில் மிஞ்சிய துளிமருந்தை வாங்கி விடாதீர்கள். ஓலையோ ஈர்க்கோ குத்திய கண்ணில் பூஞ்சணத் தொற்று வரலாம். அதில் ஸ்டீரொயிட் துளி விட்டால் புண் இன்னும் மோசமாகும். தாய்ப்பால், பூச்சாறு எதையும் விடவேண்டாம். கஜுக்கோது எண்ணெயோ பூச்சிமருந்தோ தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கண்ணில் ஏதும் குத்தினால், வலி கூடினால், வெளிச்சம் பார்க்க முடியாவிட்டால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே காட்டவேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம். ஒருநாள் சம்பளம் போகுமே என்று பொறுத்திருந்தால் கண்ணே போய்விடும்.

அந்த ஒருநாள் சம்பளத்தைப் பற்றித்தான் நாம் நிர்வாகத்திடம் பேசவேண்டும். துளிமருந்து எரிச்சலைத்தான் ஆற்றும், தூசியைத் தடுக்காது. ஆகவே பாதுகாப்புக் கண்ணாடியும், வேலை இடத்தில் முகம் கழுவச் சுத்தமான தண்ணீரும், கண்ணில் அடிபட்ட நாளுக்குச் சம்பள வெட்டில்லாத லீவும் கேட்போம். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. காயத்தை அன்றே கங்காணியிடம் சொல்லிப் பதியவையுங்கள், சங்கக் கிளைக்கும் அறிவியுங்கள்.