கொட்டு

கோயில் திருவிழா நாளில் சாமி புறப்பட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு ஓடுவதில்லை. “கொட்டுச் சத்தம் கேட்டுச்சா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அந்தக் கொட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கதவைத் தட்டுகிறோம், தலையில் குட்டுகிறோம், ஆணியை அறைகிறோம். மேளத்தையோ கொட்டுகிறோம். தேளும் கொட்டுகிறது! இரண்டுக்கும் என்ன உறவு? கண்ணிமைக்கும் நேரம்தான். பட்ட கணமே முடிந்துவிடுகிற அடி அது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் பழைய தாள முறையைச் சொல்லும்போது கொட்டு, அசை, தூக்கு, அளவு என்று நான்கைக் காட்டுகிறார். அவற்றில் மிகக் குறுகியது கொட்டு. ஓசை நீளாமல் அரை மாத்திரையில் அடங்கிவிடும். மெய்யெழுத்துக்கும் இலக்கணம் தந்த கால அளவு அரை மாத்திரைதான். ‘கொட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் நிற்கும் ‘ட்’ எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, அவ்வளவுதான் அந்த அடி.

அப்படியானால் மழை கொட்டுகிறது என்கிறோமே, அது எப்படி? துளி துளியாக விழுவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சின்னச் சின்ன அடிகள் இடைவெளி தெரியாமல் விழும்போதுதான் மழை கொட்டுகிறது. இது என் கணிப்பு. தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் குச்சி பிடித்து, உச்ச வேகத்தில் வாசிப்பதைக் கேட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். அங்கே அடிப்பதும் பொழிவதும் ஒன்றாகிவிடுகின்றன. தனித்தனி அடி காதில் விழாது. ஆனால் ஓர் அடி தவறினாலும் தெரிந்துவிடும். அந்தக் கலையின் அருமையே அதுதான்.

இந்தச் சொல் தமிழோடு நிற்கவில்லை. மலையாளத்தில் செண்டை மேளம் வாசிப்பதும் கொட்டுதான். தெலுங்கிலும் அடிப்பதைக் கொட்டு என்பார்கள். நம் தச்சர்கள் உளியின் தலையில் அடிக்கும் மரச்சுத்தி கொட்டாப்புளி.

இத்தனை உயிருள்ள சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் ‘பெர்குஷன்’ என்று அறிவிக்கிறோம். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடும்போது கொட்டு என்றே போடுங்கள். கொட்டுகிறவர்களின் பெயர்களையும் பக்கத்திலேயே போடுங்கள்.