நூற்பட்டியைத் தேடும் நெறி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செங்குந்தர் மரபைப் பற்றிய பழைய நூல்களைக் குறித்துப் பேசுமாறு நமது காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டனர். அந்நூல்களின் பெருமையை எடுத்துரைக்க என்னினும் வல்லார் இவ்வவையிற் பலர் உளர். ஆதலின், அவற்றைத் தேடிக் காணுமாறு எங்ஙனம் என்னும் சிறு பொருளையே யான் எடுத்துக்கொண்டேன். இக்காலத்துப் பெரிய நூல்நிலையங்கள் பலவும், கேட்டலாக் என வழங்கும் தம் நூற்பட்டியை இணையத்தில் வெளியிட்டுள்ளன. கைப்பேசி உடையார் எவரும் வீட்டிலிருந்தவாறே அதனைத் தேடலாம். ஆயினும், தேடுவாருட் பலர் ‘நூல் இல்லை’ என்னும் விடையோடு மீள்கின்றனர். நூல் ஆங்கே இருக்கவும் இவ்விடை வருவதுண்டு. இவ்விடையை நம்பி யானே ஒரு பிழை செய்துள்ளேன். அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்பார்வை மங்குங்காறும் தறியில் அமர்ந்து நெய்த நம்மவராகிய முதியவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் ஈட்டியெழுபதின் பழைய பதிப்பொன்று தம் தந்தையார் கையில் இருந்ததென்றும், மாலைப் பொழுதில் அவர் அதனை உரக்கப் படிக்கத் தாம் சிறுவராய் இருந்து கேட்டதுண்டென்றும், ஒரு மழைக்காலத்தில் வீட்டுச் சுவர் இடிந்தபோது அது கெட்டொழிந்ததென்றும் கூறினார். “தம்பி, நீங்கள் தமிழ் படித்தவர்கள். அந்தப் புத்தகம் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றார். யான் பெரிய நூல்நிலையம் ஒன்றின் பட்டியைத் திறந்து, ‘ஈட்டியெழுபது’ எனச் சந்தி வழுவாது எழுதித் தேடினேன். ஒன்றும் வரவில்லை. “இல்லை ஐயா” என்றேன். “இல்லையா? சரி தம்பி” என்று சொல்லி எழுந்து சென்றார்.

மறு ஆண்டு வேறொரு நூலின் பொருட்டு அந்நூல்நிலையத்திற்கு நேரிற் சென்றபோது, அலமாரியில் அப்பழைய பதிப்பு இருக்கக் கண்டேன். பட்டியிலும் அஃது இருந்தது. ஆனால், ‘ஈட்டி எழுபது’ என இரு சொல்லாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தது. அனுமதி பெற்றுப் படியெடுத்துக்கொண்டு பெரியவர் இல்லத்திற்குச் சென்றேன். அவர் காலஞ்சென்று மூன்று மாதங்கள் கழிந்தன என்று அவர் புதல்வர் கூறினார். படியை அவரிடம் கொடுத்து மீண்டேன். யான் ‘இல்லை’ என்று கூறாது ‘இன்னும் தேடிப் பார்க்கின்றேன்’ என்று கூறியிருப்பின், அப்பெரியவர் அந்நூலைத் தொட்டுப் பார்த்திருப்பார். இன்று யான் கூறப்புகுவன எல்லாம் அதன்பின் கற்றுக்கொண்டவையே.

நூற்பட்டி யாதெனின், ஒவ்வொரு நூலுக்கும் அதன் பெயர், ஆசிரியர், பதிப்பித்த இடம், ஆண்டு, நூல் நுதலிய பொருள், அலமாரியில் நிற்குமிடம் காட்டும் எண் என்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவுகளின் தொகுதியாம். தமிழ் அச்சு நூல்களுக்கு இத்தகைய பட்டி புதியதன்று. ஜான் மர்டாக் என்பார் 1865-இல் தமிழ் அச்சு நூல்களைப் பொருள்வாரியாக வகுத்துப் பட்டி ஒன்று வெளியிட்டார். லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் பொருட்காட்சி நிலையத்தில் இருந்த தமிழ் நூல்களுக்குப் பார்னெட், போப் என்னும் இருவரும் இயற்றிய பட்டி 1909-இல் வெளிவந்தது. சீர்காழியிற் பிறந்து 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூல்நிலையத் தலைவராக அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள், நூல்நிலையத்திற்குரிய ஐந்து விதிகளை 1931-இலும், பட்டி அமைத்தற்குரிய விதிநூலை 1934-இலும் வெளியிட்டார்கள். படிப்பவரது காலம் வீண்போகலாகாது என்பது அவ்வைந்தனுள் ஒன்று. முன்னர்ச் சிறு அட்டைகளில் எழுதி இழுப்பறைகளில் வைத்த பதிவுகளே இப்போது கணிப்பொறியில் ஏறியுள்ளன.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. இழுப்பறை அருகில் நின்ற நூல்நிலைய அலுவலர், நாம் கூறியது சிறிது பிழைபடினும் நம் கருத்தை உணர்ந்து நூலை எடுத்துத் தருவார். கணிப்பொறியோ பெரும்பாலும் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டு, ஒத்தவற்றையே காட்டுவது. ஆகவே, பட்டியெழுதினார் எங்ஙனம் எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்த்துத் தேடுவதே தேடுவார்க்குரிய முதற் கடமையாகும்.

முதலாவது, புணர்ச்சி. நம் இலக்கணப்படி சேர்த்தெழுதுவனவற்றைப் பட்டியெழுதுவார் சிலர் பிரித்தும், சிலர் சேர்த்தும், சிலர் ஒற்று நீக்கியும் எழுதுவர். மூவருலா ‘மூவர் உலா’ என்றும், தக்கயாகப்பரணி ‘தக்கயாகப் பரணி’ என்றும், ‘தக்கயாக பரணி’ என்றும் இருத்தல் கூடும். ஆதலின், முழுப் பெயரையும் எழுதாது, மாறுதற்கு இடமில்லாத ஒரு சொல்லை மட்டும் எழுதுக. ‘ஈட்டி’ என்று மட்டும் தேடியிருப்பின் யான் அன்றே கண்டிருப்பேன். பல பட்டிகளிற் சொல்லின் முற்பகுதியை எழுதி உடுக்குறி, அதாவது நட்சத்திரக் குறி, இட்டால் அப்பகுதியில் தொடங்கும் சொற்கள் யாவும் வரும். ‘வரலாறு’ என்று தேடுவார்க்கு ‘வரலாற்று’ என்பது அகப்படாது. ‘வரலா’ என்றெழுதி உடுக்குறி இடுவார்க்கு இரண்டும் அகப்படும். ‘பிரபந்த’ என்பதும் அங்ஙனமே.

இரண்டாவது, எழுத்து வேறுபாடு. ‘வரலாறு’ என நாம் கூறுவதனை முன்னோர் ‘சரித்திரம்’ என்றும், சிலர் ‘சரித்ரம்’ என்றும் எழுதினர். வடவெழுத்து விரவிய பெயர்களை இருவகையாலும் தேடுதல் வேண்டும். ஔவையாரின் பெயரில் முதலெழுத்து ஓரெழுத்தே. ஆயினும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ எனப் பதிந்தார் பலர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டும் கணிப்பொறிக்கு வெவ்வேறு சொற்களாம்.

மூன்றாவது, ஆசிரியர் பெயர். மேனாட்டு மரபைத் தழுவிய பட்டிகள், ஊரும் தந்தையும் குறிக்கும் முதலெழுத்துக்களைப் பின்னே தள்ளி, இயற்பெயரை முன்வைக்கும். ஆதலின், முதலெழுத்துக்களை விடுத்துப் பெயரை மட்டும் தேடுக. அப்பெயரும் பலபடியாக வரும். உ. வே. சாமிநாதையர் அவர்களைச் சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், ஸ்வாமிநாதையர் என்னும் பெயர்களாலும் தேடிப் பார்த்தல் நலம். ‘முதலியார்’ என்று மட்டும் தேடுவார்க்கோ நூற்றுக்கணக்கானோர் வந்து நிற்பர், அதனால் பயனில்லை.

நான்காவது, ஆங்கில எழுத்திற் பதிந்த பட்டிகள். அமெரிக்க நாட்டுக் காங்கிரஸ் நூல்நிலையம் முதலிய பிறநாட்டு நிலையங்களில் தமிழ்நூற் பெருந்தொகுதிகள் உள்ளன. அவற்றின் பட்டிகளில் தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தை வரையறுத்துள்ளனர். ஒலி எங்ஙனம் மாறினும் எழுத்து மாறாது. சகரத்திற்கு என்றும் ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாகிய சி; ககரத்திற்கு என்றும் கே; பகரத்திற்கு என்றும் பி என்னும் பதினாறாம் எழுத்து; தகரத்திற்கு எச் சேராத இருபதாம் எழுத்து; ழகரத்திற்குக் கீழே கோடிட்ட எல். ஆகவே, செங்குந்தர் என்னும் பெயரை எஸ் என்னும் எழுத்திற் தொடங்கி, நடுவே ஜி அமைத்துத் தேடுவார்க்கு அப்பட்டிகளில் நூல் அகப்படாமற் போகலாம். சி என்று தொடங்கி, நடுவே கே அமைத்துத் தேடுதல் வேண்டும். சிலப்பதிகாரமும் ஆங்குச் சி என்னும் எழுத்தின்கீழ்தான் நிற்கின்றது. கோடு, புள்ளி முதலிய குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

ஐந்தாவது, பொருள். இதுவே நம் சங்கத்தார்க்கு மிக வேண்டுவது. நம் மரபின் வரலாற்றை எழுதப்புகும் இளைஞர் ‘செங்குந்தர்’ என்னும் ஒரு பெயரையே தேடி, பத்தோ பதினைந்தோ நூல்களைக் கண்டு, இவ்வளவே உள்ளன என அமைகின்றனர். சோழர் கல்வெட்டுக்களில் நம் முன்னோர் கைக்கோளர் என்னும் பெயராற் பேசப்படுகின்றனர்; கைக்கோளப் படைகளும் ஆங்கே குறிக்கப்படுகின்றன. எட்கார் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில், நம்மைப் பற்றிய பகுதி மூன்றாம் தொகுதியில் கைக்கோளன் என்னும் தலைப்பின்கீழ் உள்ளது. அவர் எழுதியன எல்லாம் நமக்கு உடன்பாடல்ல. எனினும், மறுப்பதற்கும் படித்தல் வேண்டுமன்றோ? மாட்டிசன் மைன்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நம்மவரைப் பற்றி எழுதி 1984-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் பெயர், போர்வீரரும் வணிகருமாகியோர் என்னும் பொருளது. விஜயா ராமசாமி அவர்கள் இடைக்காலத் தென்னிந்திய நெசவாளரைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூல் 1985-இல் வந்தது. இவ்விரண்டின் தலைப்பிலும் செங்குந்தர் என்னும் சொல் இல்லை. ஆதலின், செங்குந்தர், கைக்கோளர், நெசவு, நெசவாளர், கைத்தறி, துணி வாணிகம் என ஒவ்வொரு சொல்லாலும், தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுதல் வேண்டும். கைக்கோளர் என்பதனை ஆங்கிலத்தில் எழுதுவோருள் ஒரு கே இடுவாரும் இரண்டு கே இடுவாரும் உளர்.

இங்ஙனம் தேடி வேண்டிய நூல் ஒன்று அகப்பட்டால், அதன் பதிவை முழுதும் திறந்து பார்க்க. பொருள் என்னும் வரியில் சில தலைப்புக்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றைத் தொட்டால், அதே தலைப்பின்கீழ் வைத்த பிற நூல்கள் யாவும் வரும். அவ்வாறே அலமாரி எண்ணைப் பற்றிச் சென்றால், அந்நூலின் இருமருங்கும் நிற்பனவற்றைக் காணலாம். ஒரு நூலைக் காண்டல் பல நூல்களுக்கு வாயிலாதல் இங்ஙனமே.

சொற்களைச் சேர்த்தற்கும் முறையுண்டு. ‘அண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை இடையில் இட்டால் இரண்டும் உடைய பதிவுகளே வரும். இது நம் எண்ணும்மை போல்வது. ‘ஆர்’ என்பதனை இட்டால் இரண்டனுள் ஒன்று இருப்பினும் வரும். செங்குந்தர், கைக்கோளர் என்பன போன்ற ஒருபொருட் பெயர்களை இதனாற் சேர்க்க. ‘நாட்’ என்பது வேண்டாதவற்றை விலக்கும். இதனை அஞ்சியே ஆளுதல் வேண்டும், வேண்டுவதும் உடன் விலகுமாதலின்.

நிற்க. பட்டியில் இல்லாதன எல்லாம் நூல்நிலையத்தில் இல்லாதன அல்ல. பழைய அட்டைப் பதிவுகள் இன்னும் முழுதும் கணிப்பொறியில் ஏறாத இடங்கள் உண்டு. பல சிறு நூல்களைக் கட்டிய திரட்டுக்கு ஒரே பதிவு இருக்கும். உள்ளிருக்கும் நூல்களின் பெயர் அதில் வாராது. மாதப் பத்திரிகைகளின் பெயர் மட்டும் இருக்கும். கட்டுரைகளின் பெயர் இராது. இவ்விடங்களில் நூல்நிலைய அலுவலரை அணுகிப் பணிவோடு கேட்டலே வழி. அன்றியும், ஒரு நிலையத்தோடு அமையலாகாது. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூல்நிலையம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் தம் நூல்களை அனுப்பக் கடமைப்பட்ட நான்கு நிலையங்களுள் ஒன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் பத்திரிகைகளும் இன்று சென்னையில் அவர் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நூலகமாக உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தாரின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். வேர்ல்ட்கேட் என்னும் கூட்டுப்பட்டி உலகத்துப் பல நிலையங்களை ஒருங்கே காட்டும். ஒரு நூல் அச்சாயிற்றா என்பதே ஐயமாயின், 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் பதிவான நூல்களுக்குக் காலாண்டுதோறும் வெளிவந்த பட்டிகளையும் பார்த்தல் வேண்டும்.

அன்பர்களே! முடிவாக இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். நம் மரபைப் பற்றி எழுதுவோர் ‘இந்நூல் இப்போது கிடைப்பதில்லை’ என்று எளிதில் எழுதற்க. எந்நிலையங்களில், எப்பெயர்களால் தேடினோம் என்று எழுதுக. பின்வருவோர் எஞ்சியவற்றைத் தேடுவர். இஃது ஒன்று. மற்றொன்று, நம் வீடுகளைப் பற்றியது. பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய நூல்களும் இப்பத்திரிகையின் பழைய இதழ்களும் எந்தப் பட்டியிலும் ஏறாதவை. அவற்றைப் பழைய காகிதக்காரருக்கு நிறுத்துப் போடுமுன், முகப்புப் பக்கத்தைக் கைப்பேசியிற் படம் எடுத்து நம் சங்கத்திற்கு அனுப்புக. நூற்பெயர், ஆசிரியர், அச்சுக்கூடம், ஆண்டு என்னும் நான்கையும், பெயரைச் சேர்த்தும் பிரித்தும் இருவகையாகவும், பதிந்துவைக்க யானும் என் மாணவர் சிலரும் ஆயத்தமாக இருக்கின்றோம். இனி ஒரு பெரியவர் நம் வாயிலில் வந்து ஒரு நூலைக் கேட்டால், அவரை வெறுங்கையோடு அனுப்பும் நிலை நமக்கு வாராதிருக்கச் செவ்வேள் திருவருள் துணைநிற்பதாக.