வராதவர்களின் பெயர்கள்

(நம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "பம்ப் டிசைன் பத்திப் பேசட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு முந்தின நேரம்ப்பா, எல்லாரையும் தூங்க வச்சிடாதே" என்றார். ஆகவே ஒரு டி.வி. தொடரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்'. 2001 செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவில் எச்.பி.ஓ. சேனலில் தொடங்கியது. மொத்தம் பத்து பாகம். தயாரித்தவர்களில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், டாம் ஹாங்க்ஸ் இருவரும் உண்டு. எங்கள் காலத்தில் ஹாஸ்டலில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் ரூம் ரூமாகச் சுற்றிவரும். இந்தத் தொடர் எங்களுக்குக் கிடைத்தது அதில்தான்.

யுத்தப் படத்துக்கும் ஒன்றுகூடல் விழாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. இந்தக் கதை பிறந்ததே ஓர் ஒன்றுகூடலில்தான். இரண்டாம் உலகப்போரில் ஒன்றாக இருந்த ஈஸி கம்பெனி என்ற பாராசூட் படைக்காரர்கள் 1988இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கூடினார்கள். ஸ்டீஃபன் ஆம்ப்ரோஸ் என்ற சரித்திரப் பேராசிரியர் அங்கே போய் அவர்களைப் பேசவைத்தார். அதிலிருந்து 1992இல் புத்தகம் வந்தது, புத்தகத்திலிருந்து தொடர் வந்தது. நம்முடைய ஆட்கள் கூடினால் பேச்சு மெஸ் சாம்பாரில் ஆரம்பித்து மெஸ் சாம்பாரிலேயே முடிகிறது. அது வேறு விஷயம்!

ஈஸி கம்பெனி 1942இல் ஜார்ஜியா மாநிலத்து டோக்கோவா முகாமில் சேர்ந்தது. பக்கத்தில் கர்ராஹீ என்றொரு மலை. ஏற மூன்று மைல், இறங்க மூன்று மைல், ஓடவேண்டும். ஓடவிட்டவர் கேப்டன் சோபெல். சின்னக் குற்றத்துக்கும் வார லீவை ரத்துசெய்கிறவர். அவரை எல்லோரும் சேர்ந்து வெறுத்தார்கள், அந்த வெறுப்பிலேயே ஒன்றானார்கள். இதை வைத்து ராகிங்குக்கு யாரும் நியாயம் தேட வேண்டாம். சோபெல் தானும் கூடவே ஓடினார். அப்படியிருந்தும், அவர் தலைமையில் போர்முனைக்குப் போனால் உயிரோடு திரும்ப மாட்டோம் என்று சார்ஜென்ட்கள் பதவியையே விட முன்வந்தார்கள். அதன் பிறகு அவரை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள்.

தொடரில் குண்டுச் சத்தம் நிறைய. எனக்கு நிலைத்தது சத்தமே இல்லாத ஓர் இடம், மூன்றாம் பாகத்தின் கடைசி. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் குதித்தபோது கம்பெனியில் 139 பேர். ஜூன் கடைசியில் போர்முனையிலிருந்து விலகியபோது பணியில் இருந்தவர்கள் 74 பேர். இங்கிலாந்துக்குத் திரும்பிய மலார்க்கி என்ற சிப்பாய் சலவைக்கார அம்மாவிடம் துணி வாங்கப் போகிறான். அந்த அம்மா அவன் துணியைக் கொடுத்துவிட்டு, "இன்னும் சிலர் வரவே இல்லையே, அவங்க துணியையும் எடுத்துட்டுப் போறியாப்பா?" என்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்கிறாள். முதலில் லெப்டினன்ட் மீஹான் பெயர். அவர் வந்த விமானம் சுடப்பட்டு விழுந்து, அதில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பிறகு இன்னொரு பெயர், அப்புறம் இன்னொன்று. மடித்து, சீட்டு ஒட்டிய மூட்டைகள். மலார்க்கி ஒன்றும் சொல்லாமல் நிற்கிறான்.

அழியாத மையில் ரூம் நம்பர் எழுதிய சட்டைகளை ஹாஸ்டல் டோபியிடம் வாங்கிப் பழகிய நமக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். ஒரு பெரிய சாவுக் காட்சியை எடுத்து, பின்னணி இசையைப் போட்டு நம்மை அழவைத்திருக்கலாம். அதைச் செய்யாமல் சலவைக் கணக்கைக் காட்டினார்களே, அதுதான் பெரிய விஷயம் என்பது என் தாழ்மையான கருத்து.

அடுத்தது பெல்ஜியத்தில் பாஸ்டோன் நகரத்தை ஒட்டிய காடு. 1944 டிசம்பர், கடும் பனி, போதிய குளிர் உடுப்பு கிடையாது, மருந்தும் கிடையாது. 1945 ஜனவரி 3ஆம் தேதி ஜோ டாய் பீரங்கிக் குண்டில் அடிபட்டுக் கிடக்கிறார். பில் கார்னியர் ஓடிப்போய் அவரை இழுக்கிறார், அடுத்த குண்டு இரண்டு பேர் மேலும். ஆளுக்கு ஒரு கால் போனது. ஒரு வாரம் கழித்து மலார்க்கியின் உயிர்த்தோழன் ஸ்கிப் மக் இருந்த பதுங்குகுழியிலேயே நேராகக் குண்டு விழுந்தது. கூட இருந்த பென்காலாவும் போய்விட்டான். ஏழாம் பாகத்தின் முடிவில், மிஞ்சினவர்கள் ஒரு கன்னிமாடத்துத் தேவாலயத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள். சார்ஜென்ட் லிப்டன் கணக்குச் சொல்லிக்கொண்டு வருகிறார்: பெல்ஜியத்தில், இடையில் வந்து சேர்ந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 145 பேர், போகிறது 63 பேர். அவர் சொல்லச் சொல்ல, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற உருவங்கள் ஒன்றொன்றாக மறைகின்றன.

இதுவரைக்கும் நட்பின் பெருமை. ஆனால் இந்தத் தொடர் இன்னொன்றையும் ஒளிக்காமல் காட்டுகிறது. இந்தச் சகோதரத்துவத்துக்கு ஒரு வேலி உண்டு. நார்மண்டிக்குப் பிறகு வந்த புதுப்பையன் மில்லர், அந்தப் போருக்காகக் கம்பெனிக்குக் கிடைத்த கௌரவப் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வருகிறான். கம்பெனியில் இருக்கும் யாரும் அணியலாம்தான். ஆனால் ஒரு சீனியர், "நீ அங்கே இருந்தாயா?" என்கிற தோரணையில் நாலு பேர் முன்னால் அவனைக் குத்திக்காட்ட, அவன் கழற்றிவைத்துவிடுகிறான். அதே பாகத்தில் ஹாலந்தில் செத்தும் போகிறான். வெப்ஸ்டர் ஆரம்பக் காலத்து ஆள். காயம்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்ததால் பாஸ்டோனுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது பழைய நண்பர்களே அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் பாகம் முழுக்க அதுதான். அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, சங்கக் கூட்டத்தில் சின்னப் பையன்கள் எழுந்து பேசினால் நாமும் கொஞ்சம் அப்படித்தான் பார்க்கிறோம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஆல்பர்ட் பிளைத் கதையை. மூன்றாம் பாகத்தின் நாயகன் அவன்தான். பயத்தில் கொஞ்ச நேரம் கண்ணே தெரியாமல் போய்விடும், பிறகு தைரியம் வரும், வந்த கையோடு கழுத்தில் குண்டு படும். பாகத்தின் முடிவில் எழுத்து வருகிறது: அந்தக் காயத்திலிருந்து அவன் மீளவில்லை, 1948இல் இறந்துபோனான் என்று. பார்த்த நாங்கள் உச்சுக்கொட்டினோம்.

அது உண்மையில்லை. பிளைத் பிழைத்துக்கொண்டார். ராணுவத்திலேயே தொடர்ந்து இருந்தார், கொரியப் போருக்கும் போனார், மாஸ்டர் சார்ஜென்ட் ஆனார், கல்யாணம் செய்துகொண்டார், மகன் பிறந்தான். 1967 டிசம்பரில், ஜெர்மனியில் பணியில் இருந்தபோது, பாஸ்டோன் போரின் நினைவு நிகழ்ச்சிக்குப் போய்வந்த கையோடு வயிற்றுப்புண் முற்றிக் காலமானார். அங்கே போயிருக்கிறார், பாருங்கள். பழைய தோழர்களுக்கு மட்டும் அவர் இருபது வருஷம் முன்பே செத்துப்போனவர். யாரும் பொய் சொல்லவில்லை. அடிபட்டுத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தார்கள், அப்புறம் அவர் கண்ணில் படவில்லை. கூடியவர்கள் நினைவில் இருந்தது புத்தகமானது, புத்தகத்தில் இருந்தது திரையில் வந்தது. தொடர் வந்த பிறகு அவர் குடும்பத்தார் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அத்தனை அன்பும் அத்தனை கவனமும் இருந்த ஒரு கூட்டம், உயிரோடிருந்த தன் ஆளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது.

சோபெல் முடிவு இன்னும் கஷ்டம். அவர்தான் எங்களை உருவாக்கினார் என்று பிற்காலத்தில் சில வீரர்களே சொன்னார்கள். 1987இல் அவர் இறந்தபோது ஒரு நினைவுக் கூட்டம்கூட நடக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்துக்கு ஒரு வருஷம் முன்பு.

ஒவ்வொரு பாகத்தின் துவக்கத்திலும் நிஜமான கிழவர்கள் வந்து பேசுவார்கள். பெயர் போடமாட்டார்கள். இன்னார் என்று கடைசிப் பாகத்தில்தான் தெரியும். பெயரை முதலிலேயே போட்டிருந்தால், யார் பிழைப்பார் என்று நமக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அவர்களுக்குத் தலைமை தாங்கிய டிக் வின்டர்ஸ் 2011 ஜனவரியில் மறைந்தார். கம்பெனியின் கடைசி ஆளாக இருந்த பிராட்ஃபோர்ட் ஃப்ரீமன் 2022 ஜூலையில் போனார். இனி விட்டுப்போனதைக் கேட்டுச் சரிசெய்ய அங்கே ஆள் இல்லை.

நமக்கு ஆள் இருக்கிறது. ஹால் வாசலில், காபி டிரம்முக்குப் பக்கத்து மேஜையில், பேட்ச் வாரியாகப் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். சிலர் பெயருக்கு எதிரே 'முகவரி தெரியவில்லை' என்று இருக்கிறது. இரண்டாம் வருஷத்தோடு படிப்பை விட்டவர்கள், ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றவர்கள், வேலை சரியாக அமையாததால் வரக் கூச்சப்படுகிறவர்கள் எல்லாம் அதில் இருக்கலாம். என் பேட்ச் பக்கத்தில் ஒரு பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று இருக்கிறது. யார் சொல்லி எழுதினார்கள் என்று இன்று காலை நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் இன்னொருத்தரைக் கைகாட்டினார்கள். அவன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். சிவில் பிராஞ்ச் அண்ணனாம். அண்ணே, சாப்பிட்ட பிறகு உங்களை வந்து பார்க்கிறேன்.