“பீர் மட்டும்தான் டாக்டரே!”



“டாக்டரே, நான் பிராந்தியெல்லாம் தொடுறதில்ல, பீர் மட்டும்தான்” என்று காலையிலிருந்து மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். கணக்கைப் பாருங்கள். 5 சதவீத பீர், 650 மி.லி. பாட்டில் என்றால் அதில் சுமார் 25 கிராம் ஆல்கஹால். 60 மி.லி. பிராந்தியில் சுமார் 20 கிராம்தான்! கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

முதலில் கொழுப்பு படியும். வலி இருக்காது. ரத்தப் பரிசோதனைகூடச் சில நேரம் சரியாகவே வரும். இந்தக் கட்டத்தில் குடியை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் கொழுப்பு குறைந்துவிடும். தழும்பேறிச் சுருங்கி ‘சிரோசிஸ்’ ஆனபின் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள். அப்போது நிறுத்தினாலும் ஆயுள் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வருடக்கணக்கில் தினமும் அதிகம் குடிப்பவர், வீறாப்பாக ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். மைக் முன்னால் கேட்கக் கூச்சமா இருந்தா, சாப்பாட்டுக்கு அப்புறம் மரத்தடிக்கு வாங்க. வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு வந்தா நல்லது.