சாய்ந்து கேட்கும் சந்நிதி



திருநெல்வேலியிலிருந்து மேற்கே அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், மார்கழி கழிந்து தை பிறக்கின்ற காலத்தில் பிரயாணம் செய்யும் பாக்கியம் பெற்றவர்கள், இரு மருங்கிலும் விரிந்து கிடக்கும் பிசானப் பருவத்து நெல் வயல்களையும், அவற்றுக்கு அப்பால் வானத்தின் அடியில் நீலமாகத் தெரியும் பொதிகை மலையையும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். பத்தமடை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று வரிசையாக வரும் ஊர்களில், காருகுறிச்சியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அவ்வூர் வித்வான் அருணாசலத்தின் நாகஸ்வர நாதம் உங்கள் செவிகளில் எழுந்திருக்கும். ஆகவே அதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. வீரவநல்லூரில் பெரிய சாலையை விட்டு வடக்கே திரும்பினால், சிறிது தூரத்தில் தாமிரபரணி நதி குறுக்கிடுகிறது. மலையிலிருந்து தனி வழியில் இறங்கி வரும் கடனா நதி அதனோடு கலக்கும் அந்தச் சங்கமத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர்.

மருத மரத்தை ஸ்தல விருட்சமாகக் கொண்ட மூன்று க்ஷேத்திரங்களைப் பெரியோர் ஒரு வரிசையில் வைத்துச் சொல்வார்கள். வடக்கே ஸ்ரீசைலம் மல்லிகார்ச்சுனம், சோழநாட்டுத் திருவிடைமருதூர் மத்தியார்ச்சுனம், இந்தத் தென்பாண்டி நாட்டு ஊர் புடார்ச்சுனம். முதல் இரண்டுக்கும் இருக்கும் கீர்த்தி மூன்றாவதற்கு வாய்க்கவில்லை. அதனாலேயே, தரிசனத்துக்கு முண்டியடிக்கும் கூட்டமோ, சீக்கிரம் நகரும்படி பின்னாலிருந்து தள்ளும் கைகளோ இல்லாத சந்நிதியில், மனம் கொண்ட மட்டும் நின்று கும்பிடும் சுகம் இங்கே இன்றைக்கும் கிடைக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த முதியவளைப் பார்த்து, "ஆச்சி, நடை சாத்தியிருப்பாங்களா?" என்று கேட்டேன். "சாத்தினா என்ன ஐயா, சாயங்காலம் தொறப்பாவ. ஆத்துல குளிச்சிட்டு மரத்து நெழல்ல இரியும்" என்றாள். அவள் சொன்னபடியே செய்தேன். கூழாங்கல் தெரியும்படி ஓடும் நீரில் முழுகி எழுந்து, ஈர வேட்டி உடலிலேயே காய, மாலை வரைக்கும் கரையில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் இந்த ஊரை உள்ளபடி கண்டேன் என்று சொல்ல வேண்டும்.

காரணம், மரங்களின் மேல் இன்னோர் ஊர் இருந்தது. ஓங்கி வளர்ந்த மருத மரங்களிலும் மற்ற மரங்களிலும் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டி, மனிதர் நடமாட்டத்தைச் சிறிதும் பொருட்படுத்தாமல் குடித்தனம் நடத்துகின்றன. மஞ்சள் மூக்கும் இறகில் இளஞ்சிவப்புச் சாயலும் கொண்ட பெருநாரை ஒன்று வயற்புறமிருந்து இரையோடு வந்து இறங்கும்போது குஞ்சுகள் எழுப்பும் ஆரவாரம், நடை சாத்திய கோயிலின் மௌனத்தை நிறைத்துவிடுகிறது. எச்சம் விழுகிறது, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிக் கிளைகளை வெட்டித் தள்ளுவது ஊராருக்கு அரிய காரியமன்று. அவர்களோ பறவைகளைத் தங்கள் விருந்தாளிகளாக வைத்துக் காத்து வந்திருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டில் சுமார் 7 ஏக்கர் பரப்புள்ள இந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; தமிழகத்தில் அவ்வகையில் ஏற்பட்ட முதல் காப்பகம் இதுவே. சர்க்காரின் உத்தரவு பின்னால் வந்தது. ஜீவகாருண்யம் ஊரில் முன்பே இருந்தது.

சாயங்காலம் நடை திறந்தது. சுவாமிக்கு நாறும்பூநாதர் என்பதும் அம்பிகைக்குக் கோமதி என்பதும் திருநாமங்கள். மூலஸ்தானத்து லிங்கம் நிமிர்ந்து நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கருவூர்ச் சித்தர் தரிசனத்துக்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம் பெருகியிருக்க, மறுகரையிலேயே நின்று அவர் சுவாமியைப் பேர் சொல்லி அழைத்தார் என்றும், அந்தக் குரலைக் கேட்பதற்காக இறைவன் சாய்ந்தார் என்றும் ஐதீகம். வெள்ளத்தின் இரைச்சலைத் தாண்டி ஓர் ஏழைக் குரல் போய்ச் சேரும் என்று நம்பிய ஜனங்கள், அந்த நம்பிக்கையைச் சந்நிதியிலேயே கண்ணால் கண்டு வந்திருக்கிறார்கள். வாழ்க்கையில் எதற்கும் அவகாசமின்றி ஓடிக்கொண்டிருந்த எனக்கு, கேட்பதற்காகக் காத்திருக்கும் ஒரு தெய்வத்தின் முன்னால் நின்றபோது, சொல்வதற்கு ஏதுமில்லாமல் நெஞ்சு நெகிழ்ந்தது.

கோபுரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஐந்து நிலைகள் கொண்ட அதன் உள்ளே அனுமதி பெற்று ஏறினால், தூண்களிலும் உத்தரங்களிலும் மரத்தில் கடைந்தெடுத்த சிற்பங்கள். சுவர்களிலோ நிலைக்கு நிலை வர்ண சித்திரங்கள். புராணக் கதைகள் ஒருபுறம். குதிரைகளை ஏற்றிக் கடல் கடந்து வரும் மரக்கலம் ஒருபுறம். யானையும் பரியும் காலாளும் மோதும் யுத்தம் மற்றொருபுறம். விஜயநகரப் படைக்கும் திருவிதாங்கூர் அரசனுக்கும் 16-ஆம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையில் நிகழ்ந்த போரே இது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. வெளிச்சம் மாடத்து வாயில் வழியாக மட்டும் நுழையும் அந்த உட்புறத்தில், வழிபட வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட ஏறிப் பார்க்காத உயரத்தில், ஒரு குதிரையின் சேணத்து அணியைக்கூட அவசரப்படாமல் தீட்டிவைத்த அந்த ஓவியன் யாரை நினைத்துத் தீட்டினான்? தன் பெயரைக்கூட அவன் விட்டுச் செல்லவில்லை. பார்ப்பவர் இல்லாத இடத்திலும் குறைவைக்காத அந்தச் சிரத்தையைத்தான் நான் பக்தி என்று கருதுகிறேன்.

அதே சிரத்தையைத் திரும்பும் வழியில் பத்தமடையிலும் காணலாம். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, மெல்லிய இழையாகக் கீறிய பிறகே அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பாய் முடைய உட்காருகிறார்கள். பட்டுப்பாய் என்று பெயர் பெற்ற நயமான பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். 1953-இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் சென்றது. ஊறவேண்டிய கோரையை யாரும் அவசரப்படுத்த முடியாது.

நேயர்களே, திருப்புடைமருதூருக்குப் போகிறவர்கள் குற்றாலத்துக்குப் போகும் வழியில் அரைமணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டு ஓடாமல், ஒரு முழுப் பகலை அதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று போனால் தீர்த்தமாட வரும் கிராமத்து ஜனங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். கோபுரத்துச் சித்திரங்களின் மேல் கை வைக்காதீர்கள். மரத்தடியில் சத்தம் போடாதீர்கள். பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கத்தை, தயவுசெய்து, இந்த நதியில் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே திருநெல்வேலி வரைக்கும், அதற்கு அப்பாலும், ஜனங்கள் குடிக்கிறார்கள்.