உங்கள் நோய் முதலாளியின் கோப்பில் எதற்கு?

(சட்ட விளக்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருப்பவர்கள் இங்கே பலர். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

கிளினிக்கில் டாக்டரிடம் நாம் சொல்வதும், அவர் நம் உடம்பில் கண்டுபிடிப்பதும் யார் காதுக்குப் போகலாம்? யார் காதுக்குப் போகக்கூடாது? இதைப் பற்றி நம்மவர்கள் யாரும் சண்டை போடுவதில்லை. சம்பளம் குறைந்தால் வழக்கறிஞரிடம் வருகிறோம். இரகசியம் வெளியே போனால் தலைவிதி என்று இருந்துவிடுகிறோம்.

இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு டிரெஸரைத் தெரியும். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். காலையில் அவரிடம் சொன்னது மத்தியானத்துக்குள் கிராணிக்குத் தெரியும், மாலையில் லயத்துக்கே தெரியும். இன்று நாம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். டிரெஸர் இருந்த இடத்தில் பேனல் கிளினிக் இருக்கிறது. கம்பெனிதான் பணம் கட்டுகிறது, ஆகவே கம்பெனிக்கு எல்லாம் தெரியலாம் என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம்.

அது தவறு. கட்டணத்தை யார் கட்டினாலும் நோயாளி நீங்கள்தான். டாக்டரின் கடமை உங்களுக்கு.

என்னிடம் வந்த ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறேன். பெயர், ஊர், தொழிற்சாலை எதையும் சொல்லமாட்டேன். பதினோரு வருடம் ஒரே இடத்தில் ஆப்பரேட்டர் வேலை. இருமல் விடவில்லை. பேனல் கிளினிக் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பியது. காசநோய் என்று வந்தது. கிளினிக் சுகாதார இலாகாவுக்குத் தகவல் கொடுத்தது. இலாகா ஆட்கள் வந்து வீட்டில் இருப்பவர்களையும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்களையும் பரிசோதித்தார்கள். இதுவரை எல்லாம் சட்டப்படி. தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1988 அப்படித்தான் சொல்கிறது. டிங்கி, காசநோய், எச்.ஐ.வி. போன்ற நோய்களைக் கண்டால் டாக்டர் சுகாதார அதிகாரிக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். உங்கள் சம்மதம் தேவையில்லை.

ஆனால் அதே நாள் பரிசோதனை முடிவின் நகல் அவர் பெயரோடு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கும் போனது. அங்கிருந்து சூப்பர்வைசருக்கு. சூப்பர்வைசர் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொன்னார். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். ஆறு மாதத்தில் அவர் முழுதாகக் குணமானார். கேண்டீனில் மட்டும் அவர் மேசையில் யாரும் உட்காரவில்லை. கடைசியில் தானே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டார். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் தொழில் நீதிமன்றத்துக்குப் போவது சுலபமாக இருந்திருக்கும்.

சுகாதார இலாகாவுக்குப் போன கடிதம் சட்டத்தின் கடிதம். மனிதவளப் பிரிவுக்குப் போன நகல் யாருடையது? அதற்கு அவர் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

முதலாளிக்கு எது தெரியவேண்டும்? நீங்கள் வேலைக்குத் தகுதியா, இல்லையா, எத்தனை நாள் ஓய்வு, பாரம் தூக்கலாமா, இரவு ஷிப்ட் செய்யலாமா. பெரும்பாலும் இவ்வளவு போதும். வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இன் 60எஃப் பிரிவு, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்கு டாக்டரின் சான்றிதழைக் கேட்கிறது. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. நோயின் பெயரை முதலாளியிடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. "என்ன வியாதி, கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்கிறேன்" என்று சூப்பர்வைசர் சொன்னால், கேட்கலாம். கிளினிக் சொல்லக்கூடாது.

2010-இல் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 15 நவம்பர் 2013-இல் நடப்புக்கு வந்தது. உடல்நலம், மனநலம் பற்றிய விவரங்களை அது உணர்வுபூர்வமான தகவல் என்று தனியாக வைத்திருக்கிறது. அதைக் கையாள உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்கிறது 40-வது பிரிவு. மீறினால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விலக்குகள் உண்டு: சிகிச்சைக்காக ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் சொல்வது, உயிர் காக்கும் அவசரம், வழக்கு விவகாரம், வேலை தொடர்பாகச் சட்டம் முதலாளிமேல் சுமத்தும் கடமை. கடைசியாகச் சொன்னதைத்தான் கம்பெனிகள் ரப்பர்போல இழுக்கும். எந்தச் சட்டம், எந்தக் கடமை என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போது பாரத்துக்கு வருகிறேன். வேலையில் சேரும் நாள் பத்துப் பன்னிரண்டு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். "எந்த மருத்துவமனையும் எனது முழு மருத்துவ விவரத்தையும் கம்பெனிக்குக் கொடுக்கலாம்" என்று நடுவில் ஒரு வரி இருக்கும். இன்சூரன்ஸ் பாரத்திலும் அதேமாதிரி ஒன்று உண்டு. நீங்கள் போட்ட கையெழுத்துதான் அவர்களுடைய கேடயம். தகவலை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கொடுக்கவேண்டும் என்கிறது சட்டம். தமிழைப் பற்றிப் பேச்சே இல்லை. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைத் துப்புரவுக்குப் போன அம்மாவிடம், பொடி எழுத்தில் ஆங்கிலத் தாளை நீட்டி வாங்குவது என்ன சம்மதம்? இதை நம் இயக்கம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதுவரை, படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரியை அடித்து, "தகுதி / தகுதியில்லை என்பது மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் எழுத்து மூலம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், 38-வது பிரிவு. ஆனால் இன்சூரன்ஸ் பாரத்தில் கேள்விக்கு உண்மையான பதிலை எழுதுங்கள். மறைத்தால் பின்னால் கிளெய்ம் கிடைக்காமல் போகலாம்.

எல்லாவற்றையும் மூடி வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. லோரி டிரைவர் ஒருவருக்கு வலிப்பு வருகிறது, டாக்டர் ஓட்டாதே என்கிறார், அவர் கேட்காமல் ஓட்டுகிறார் என்றால், டாக்டர் முதலில் அவரிடமே மீண்டும் சொல்லவேண்டும். அப்படியும் கேட்காவிட்டால் பிறர் உயிரைக் காக்க உரியவர்களிடம் தெரிவிக்கலாம். குழந்தையின் உடம்பில் அடித்த காயம் இருந்து, கொடுமை நடந்திருக்கிறது என்று டாக்டர் நம்பினால், சிறார் சட்டம் 2001-இன்படி சமூக நல அதிகாரிக்குச் சொல்லியே ஆகவேண்டும். நீதிமன்றம் உத்தரவிட்டால் டாக்டர் பதில் சொல்லத்தான் வேண்டும். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ள சட்டப் பாதுகாப்பு டாக்டருக்கு இந்த நாட்டில் இல்லை.

இன்னொரு கடமை உண்டு. அதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. வேலையால் வந்த நோய், வேலையிடத்து நச்சு பாதிப்பு என்று டாக்டர் கருதினால், ஏழு நாளுக்குள் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு, அதாவது டோஷுக்குத் தெரிவிக்கவேண்டும். 2004-ஆம் ஆண்டு விதிமுறை. தோட்டத்தில் மருந்தடித்த பெண்களின் மூக்கில் இரத்தம், நகம் கறுத்தது, தோல் அரிப்பு, இதையெல்லாம் தெனாகனித்தா 2002-இலேயே ஆய்வாக வெளியிட்டது. பாராகுவாட் மருந்துக்கு முழுத் தடை 2020-இல்தான் வந்தது. நான் பார்த்த கிளினிக் கார்டுகளில் மருந்தடிப்பவர்களுக்கு "தலைவலி", "மயக்கம்" என்பதோடு எழுத்து நின்றுவிடுகிறது. முதலாளிக்குப் போகக்கூடாத தகவல் உடனே போகிறது, டோஷுக்குப் போகவேண்டியது டிராயரில் தூங்குகிறது.

வீட்டு விஷயமும் உண்டு, கோபிக்காதீர்கள். பதினெட்டு வயது தாண்டிய மகளின் பரிசோதனை முடிவை அப்பா கவுன்டரில் கேட்டு வாங்க முடியாது. மாமியாரும் முடியாது. கணவர் என்பதாலேயே எல்லாம் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கும் கிடையாது. பெரியவர்களை வார்டில் பார்க்கும்போது, மொழி தெரியவில்லை என்று பக்கத்துப் படுக்கைக்காரரை மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். கர்ப்பப்பை நோயை அடுத்த வீட்டுக்காரர் வாயால் கேட்கும் நிலை நம் பாட்டிகளுக்கு வரக்கூடாது. நோயாளி நம்பும் ஒருவர்தான் உடன் போகவேண்டும். இல்லையென்றால் தமிழ் பேசும் நர்ஸைக் கேளுங்கள்.

2010-இல் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்காடினார். அறுவை சிகிச்சையின்போது, மயக்கத்தில் இருந்த தன் அந்தரங்க உறுப்பை டாக்டர் கேட்காமல் படம் எடுத்தார் என்று. சிகிச்சைக்காக எடுத்தேன் என்றார் டாக்டர். அப்படியே இருந்தாலும் முன்சம்மதம் வேண்டும் என்றது நீதிமன்றம், அந்தரங்க மீறலை வழக்குக்குரிய காரணமாக ஏற்றுக்கொண்டது. மயங்கிக் கிடந்தாலும் உரிமை மயங்குவதில்லை.

அரசாங்க மருத்துவமனையைப் பற்றிக் கேட்பீர்கள். தகவல் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது, 3-வது பிரிவு. 2024 திருத்தமும் அந்த ஓட்டையை அடைக்கவில்லை. ஏழைகள் அதிகம் போகும் இடத்துக்குச் சட்டம் போகவில்லை என்பது என் மனத்தாங்கல். ஆனாலும் அங்குள்ள டாக்டர்களை மலேசிய மருத்துவ மன்றத்தின் இரகசியக் காப்பு விதி கட்டுப்படுத்துகிறது. நோயாளி இறந்த பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது.

புகார் எங்கே? தனியார் கிளினிக் அல்லது கம்பெனி என்றால் தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு ஆணையர். டாக்டரே கசியவிட்டிருந்தால் மருத்துவ மன்றம், எழுத்து மூலம். தனியார் மருத்துவமனை, கிளினிக் நடைமுறை பற்றிச் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு. அரசாங்க மருத்துவமனை என்றால் அமைச்சின் பொதுப் புகார் முறை. தேதி, நேரம், யார் சொன்னார், யார் கேட்டார் என்று அன்றே நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள்.

வேலைப் பாரத்தின் நகலைக் கொண்டு வந்திருப்பவர்கள் முன் மேசைக்கு வாருங்கள். தேநீர் முடிவதற்குள் எத்தனை முடிகிறதோ அத்தனை படித்துச் சொல்கிறேன்.