காலடியில் பல நாதம்



மின்கித்தார் பழகும் இளையர் பலருக்கு ஓராண்டு கழிந்ததும் ஒரு மனக்குறை வந்துவிடுகிறது. மேடையில் கேட்கும் ஒலி தம் கித்தாரில் வரவில்லையே என்பதுதான் அது. உடனே விலையுயர்ந்த கித்தார், பெரிய ஆம்ப்ளிஃபையர் என்று மனம் அலைகிறது. தவணைக் கட்டணம் பெற்றோர் தலையில் விழுகிறது. ஆனால், அவர்கள் தேடும் ஒலி பெரும்பாலும் கித்தாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே, காலால் மிதித்து இயக்கும் ஒரு சிறு பெட்டியில்தான் இருக்கிறது. அதற்குப் பெயர் எஃபெக்ட் பெடல்.

இந்தப் பெட்டி பிறந்த கதையே ஒரு பாடம். 1961இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டோன்ட் வொரி’ என்ற பாடலின் ஒலிப்பதிவில், பழுதான ஒரு கருவியால் கித்தார் ஒலி கரகரத்தது. அது கேட்பவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்தக் கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க, 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெடல் விற்பனைக்கு வந்தது. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், அதே போன்ற ஒலிக்காகத் தம் ஸ்பீக்கரையே பிளேடால் கீறினார். மறு ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலில் ஃபஸ் டோனைப் பயன்படுத்தினார். பாடல் உலகப் புகழ் பெற்றது. ஸ்பீக்கரைக் கிழிக்க வேண்டிய அவசியமும் தீர்ந்தது!

எந்தப் பெடலை முதலில் வாங்குவது? டிஸ்டார்ஷன் அல்லது ஓவர்டிரைவ் நல்ல தொடக்கம். ஒலியலையின் முகட்டை வெட்டித் தட்டையாக்குவதால்தான் அந்தக் கரகரப்பு பிறக்கிறது. 1978இல் வந்த பாஸ் டிஎஸ்-1 எளிய ரகப் பெடல்தான். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் வாசித்ததும் அதில்தான். இன்னொரு செய்தி: கித்தாரிலுள்ள வால்யூம் திருகைச் சற்றுக் குறைத்தால் கரகரப்பும் குறையும். ஆக, ஒரே பெடலில் இரண்டு மூன்று ஒலிகள் கிடைக்கும். இதற்குக் காசே வேண்டாம்.

அடுத்தது டிலே. வாசித்த சுரத்தை எதிரொலியாகத் திருப்பித் தரும். நிமிடத்திற்கு 120 தட்டு வேகமுள்ள பாட்டில், டிலேயை 500 மில்லி விநாடியில் வைத்தால் எதிரொலி தாளத்தோடு இணைந்து வரும். ஒருவர் வாசிக்க, இருவர் வாசிப்பதுபோல் கேட்கும். பிறகு தேவைப்பட்டால் கோரஸ், ரிவெர்ப் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

பெடல்களை அடுக்கும் வரிசையும் முக்கியம். வழக்கமாக டிஸ்டார்ஷன் முன்னால், டிலேயும் ரிவெர்ப்பும் பின்னால். மாற்றி வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து கரகரத்து, சுரங்கள் குழம்பிப் போகும்.

சிக்கனத்துக்கு இன்னும் சில வழிகள் உண்டு. பழைய பெடல் வாங்கலாம். ஆனால் கடையிலேயே ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, திருகைத் திருப்பும்போது இரைச்சல் வருகிறதா, மிதிக்கும் பொத்தான் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பல பெடல்கள் 9 வோல்ட் மின்சாரத்தில் இயங்கினாலும், அடாப்டரின் நேர்முனை, எதிர்முனை பெடலில் குறித்திருப்பதோடு பொருந்த வேண்டும். தவறினால் பெடல் கெட்டுப்போகலாம். எந்த ஒலி பிடிக்கும் என்றே தெரியாதவர்களுக்கு, பல ஒலிகள் ஒரே பெட்டியில் உள்ள மல்டி எஃபெக்ட் கருவி ஏற்றது.

பெற்றோர்களே, பிள்ளை புதுக் கித்தார் கேட்டால் மறுக்கவும் வேண்டாம், உடனே கடன் வாங்கவும் வேண்டாம். ஒரு பெடல் வாங்கிக் கொடுங்கள். மூன்று மாதம் அதன் எல்லாத் திருகுகளையும் திருப்பி, காதால் கேட்டுப் பழகட்டும். அடுத்து என்ன வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையே தெளிவாகச் சொல்லும். விரல்களின் பயிற்சிக்கு எந்தப் பெடலும் ஈடாகாது. ஆனால், பயிற்சியில் ஆசை குன்றாமல் காக்க ஒரு சிறு பெட்டியே போதும்.